குடில் போட்டியும் குடும்ப ஒற்றுமையும்

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு வந்துவிட்டால், திருப்பலி முடிந்து நாம் வெளியே வரும்போது பங்கு இளைஞர்கள் சூழ்ந்துகொண்டு கேட்கும் முதற் கேள்வி ஒன்று உண்டு. “சுவாமி, இந்த ஆண்டு குடில் போட்டி உண்டா?” என்பதே அது. பாவசங்கீர்த்தன நேரம் எப்போது என்று கேட்பவர் சிலரே. போட்டி உண்டா என்று கேட்பவர் பலர். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. இளம் உள்ளங்களில் ஊறி நிற்கும் கலையார்வமும், கூடி உழைக்கும் விருப்பமும் அக்கேள்வியில் ஒலிக்கின்றன. ஆயினும் அதைக் கேட்கும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு சிறு அச்சமும் எழுகின்றது. அதன் காரணத்தை அன்பு வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கிரெச்சியோ குன்றில்

குடில் என்னும் வழக்கம் எங்கே வேர்கொண்டது என்பதை முதலில் நினைவுகூர்வோம். 1223ஆம் ஆண்டு, இத்தாலி நாட்டில் கிரெச்சியோ என்னும் சிற்றூர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஏறத்தாழ 15 நாள் முன்னதாக, அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், அவ்வூரைச் சேர்ந்த ஜொவானி என்னும் நண்பரை அழைத்துத் தம் ஆவலைத் தெரிவித்தார். பெத்லகேமில் பிறந்த பாலகன் பட்ட எளிமையையும் குளிரையும் தம் கண்ணாலேயே காண வேண்டும் என்பதே அவ்வாவல். நண்பர் ஒரு முன்னிட்டியையும் வைக்கோலையும் ஆயத்தம் செய்தார்; ஒரு காளையும் ஒரு கழுதையும் கொண்டுவரப்பட்டன. சுற்று வட்டாரத்து ஆண்களும் பெண்களும் தீப்பந்தங்களும் மெழுகுத்திரிகளும் ஏந்தி வந்து அவ்விரவை ஒளிபெறச் செய்தனர். முன்னிட்டியின் மேலே திருப்பலி நிறைவேற்றப்பட்டது.

அந்த முதற் குடிலில் சுரூபங்கள் இல்லை, வண்ண விளக்குகள் இல்லை, பரிசும் இல்லை. ஒருவர் விரும்பினார்; ஒருவர் வைக்கோல் தந்தார்; ஒருவர் மாடு தந்தார்; ஊரார் ஒளி தந்தனர். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் முதல் நாளன்று அதே கிரெச்சியோவுக்குச் சென்று, குடிலின் பொருளைப் பற்றிய திருத்தூது மடல் ஒன்றில் கையொப்பமிட்டதும் இந்த எளிமையை நமக்கு நினைவூட்டவே அன்றோ!

நாம் செய்த பிழை

இனி நம் அனுபவத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில் 9 அன்பியங்கள் இருந்தன. ஒவ்வொரு தெருவிலும் ஆண்டுதோறும் குடில் அமைப்பது வழக்கம். மூங்கில் வளைத்து, பனையோலை வேய்ந்து, பழைய காகிதத்தைக் கசக்கிப் பசை தடவிப் பாறை செய்து, தட்டில் மணல் பரப்பிக் கேழ்வரகு விதைத்துப் பசும்புல் வளர்த்து, உடைந்த கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, அழகுறச் செய்வார்கள். இவ்வார்வத்தை மேலும் வளர்க்க எண்ணி நாம் ஒரு போட்டியை அறிவித்தோம். முதற் பரிசு ஒரு வெள்ளிக் கோப்பையும் 5,000 ரூபாயும்.

அப்பங்கில் முதியவரான தச்சர் ஒருவர் இருந்தார். கார்த்திகை பிறந்ததும் அவர் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். நட்சத்திரத்துக்கு வேண்டிய மூங்கிற் சிம்புகளை ஒன்பது தெருவுக்கும் அவரே சீவித் தருவார். எந்தத் தெருப் பிள்ளை என்று அவர் கேட்டதில்லை. போட்டி அறிவித்த ஆண்டில் அவருடைய அன்பிய இளைஞர்கள் அவரிடம் சென்று, “தாத்தா, இந்த ஒரு வருடம் மட்டும் மற்றவர்களுக்குச் செய்துகொடுக்காதீர்கள்” என்று வேண்டிக்கொண்டார்கள். அவரும் இசைந்தார்.

அந்த ஆண்டு தெருக்களில் புதியதொரு காட்சியைக் கண்டோம். குடில் வேலை நடக்கும் இடங்களைப் போர்வையாலும் தார்ப்பாயாலும் மறைத்திருந்தார்கள். வேற்றுத் தெருச் சிறுவன் எட்டிப் பார்த்தால் விரட்டினார்கள். ஓர் அன்பியத்தார் மின்மோட்டார் வைத்து அருவி விழச் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், மற்றோர் அன்பியத்தார் கடன் வாங்கி இரண்டு அருவிகள் வைத்தார்கள். நாமோ, 100 மதிப்பெண்ணில் 30ஐ ஒளியமைப்புக்கும் நீரமைப்புக்கும் ஒதுக்கியிருந்தோம்! பணம் உள்ள தெரு முந்தும்படி நாமே வழி திறந்துவிட்டோம் என்பது பிறகுதான் உறைத்தது.

நள்ளிரவுத் திருப்பலியின் முடிவில் பரிசுகளை அறிவித்தோம். மறுநாளே ஒரு தெருவார் தங்கள் குடிலைப் பிரித்துவிட்டனர். மூவரசர் திருநாள் வரையில் இருக்க வேண்டிய குடில், இயேசு பாலன் பிறந்த ஒரே நாளில் வெறும் கம்புக் குவியலாயிற்று. பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரு வீட்டார் சாம்பற் புதன் வரையில் ஒருவரோடொருவர் பேசவில்லை. முதற் பரிசு பெற்றதோ தச்சரின் தெரு. அவர் நம்மிடம் வந்து சொன்னது இன்னும் நம் காதில் நிற்கின்றது. “சுவாமி, எங்கள் தெருவுக்குக் கோப்பை கிடைத்தது. ஆனால் இந்த வருடம் என் திண்ணையில் ஒரு பிள்ளையும் வந்து உட்காரவில்லை.”

நிறுத்தியதும் பிழையே

மனம் நொந்து, அடுத்த ஆண்டு போட்டியையே நிறுத்திவிட்டோம். அமைதி திரும்பும் என்று எண்ணினோம். அமைதி வந்தது, ஆனால் அது ஆளில்லாத வீட்டின் அமைதியாக இருந்தது. ஒன்பது தெருக்களில் நான்கில் மட்டுமே குடில் எழுந்தது. அவற்றிலும் இரண்டு, கடையில் வாங்கிய தெர்மகோல் குடில்கள். இளைஞர் ஒருவர் நம்மிடம் மனந்திறந்து, “சண்டை போட்டாலும் அப்போது பத்து நாள் ஒன்றாக இருந்தோம், சுவாமி. இந்த வருடம் அவரவர் வீட்டில் அவரவர் இருந்தோம்” என்றார்.

போட்டியால் உறவு கெட்டது. போட்டி இல்லாமையால் கலை கெட்டது. எனில் செய்ய வேண்டியது யாது? இவ்வினாவோடு இருந்த நாள்களில், போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரத்துக் குடில் மரபைப் பற்றிப் படித்தறியும் வாய்ப்புக் கிடைத்தது.

கிராக்கோவ் நகரத்துக் கொத்தனார்கள்

கிராக்கோவ் நகரில் குடிலுக்கு ‘ஷோப்கா’ என்று பெயர். அது நம் ஓலைக்குடில் போன்றதன்று. பல கோபுரங்களோடு எழும் சிறு மாளிகை போன்றது. மெல்லிய மரச்சட்டம், அட்டை, இனிப்புகளைச் சுற்றிவரும் தாளைப் போன்று மின்னும் வண்ணத் தகட்டுத்தாள் ஆகியவற்றால் அதனைச் செய்கின்றனர். நகரத்து மரியன்னை ஆலயத்தின் கோபுரங்கள், வாவெல் குன்றின் பேராலயத்துச் சிற்றாலயக் குவிமாடம் முதலியவற்றைச் சிறிய அளவில் அதில் காணலாம். நடுவே திருக்குடும்பம், சுற்றிலும் ஊர்ப் பழங்கதை மாந்தர்கள். 1964 முதல் 1978 வரை அந்நகரின் பேராயராக இருந்து, பின்னர்த் திருத்தந்தையாகி, இன்று புனிதராக வணங்கப்பெறும் இரண்டாம் அருள் சின்னப்பரின் உருவமும் சில குடில்களில் இடம்பெறுகின்றது.

19ஆம் நூற்றாண்டில் இக்கலையை வளர்த்தவர்கள் பெருஞ்செல்வர் அல்லர். கிராக்கோவையும் அதன் புறநகர்களையும் சேர்ந்த கொத்தனார்களும் தச்சர்களுமே. கடுங்குளிரில் கட்டட வேலை நின்றுவிடும். கையில் வேலையின்றி இருந்த அவர்கள் குடில் செய்து, வீடு வீடாகச் சுமந்து சென்று, பாட்டும் பொம்மைக் காட்சியும் நிகழ்த்திச் சிறிது பொருள் ஈட்டினார்கள். முதல் உலகப் போருக்குப் பின் இவ்வழக்கம் நலிந்தது. அதனை மீட்கவே 1937ஆம் ஆண்டு நகரில் ஒரு போட்டி தொடங்கப்பட்டது. நாத்சிப் படையினர் நகரைப் பிடித்திருந்த ஆண்டுகளில் போட்டி நின்றது. போர் ஓய்ந்த 1945ஆம் ஆண்டு டிசம்பரிலேயே அதனை மீண்டும் தொடங்கிவிட்டார்கள். நகரின் நடுச் சதுக்கத்தில் இருந்த கவிஞர் ஆடம் மிஸ்கியேவிச்சின் சிலையை 1940இல் அப்படையினர் இடித்திருந்தனர். அது மீண்டும் எழுந்தது 1955இல்தான். சிலை எழும் முன்னரே குடில் எழுந்துவிட்டது!

இன்றும் ஆண்டுதோறும் டிசம்பர் மாத முதல் வியாழனன்று குடில் செய்வோர் யாவரும் தம் படைப்புகளைச் சுமந்து வந்து, அந்தச் சிலையின் படிகளில் வரிசையாக வைப்பது வழக்கம். ஊரார் சுற்றி நின்று பார்க்கின்றனர். செய்தவர்களும் ஒருவர் வேலையை ஒருவர் பார்க்கின்றனர். பின்னர் ஊர்வலமாக எடுத்துச் சென்று நடுவர்களிடம் ஒப்படைக்கின்றனர். அதன்பின் குடில்கள் நகர அருங்காட்சியகத்தின் பொறுப்பில் மக்கள் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. பெரியது, நடுத்தரம், சிறியது, மிகச் சிறியது என அளவுக்கேற்ப வகுப்புகள் உண்டு. சிறுவர்க்கும் இளைஞர்க்கும் தனி வகுப்புகள் உண்டு. தாத்தாவிடமிருந்து பேரனுக்கு என்று குடும்பங்களில் இக்கைத்திறன் இறங்கி வருகின்றது. 2018இல் யுனெஸ்கோ நிறுவனம் இம்மரபை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துப் பெருமைப்படுத்தியது.

இதைப் படித்தபோது நமக்கு ஓர் உண்மை புலனாயிற்று. போட்டி ஒரு மரபைக் கெடுக்கவும் கூடும்; சாகவிருந்த மரபைக் காக்கவும் கூடும். போர்வைக்குள் மறைத்துச் செய்யும் போட்டி முதல் வகை. ஊர்ச் சதுக்கத்தில் எல்லார் கண்ணெதிரே வைக்கும் போட்டி இரண்டாம் வகை.

மூன்றாம் ஆண்டில்

மூன்றாம் ஆண்டு அன்பியப் பொறுப்பாளர்களை அழைத்து நம் பிழையை முதலில் ஒப்புக்கொண்டோம். பிறகு கூடிப் பேசிச் சில ஒழுங்குகள் வகுத்தோம். குடில் வேலையை யாரும் மறைக்கலாகாது. திருவருகைக் கால மூன்றாம் ஞாயிறன்று ஒவ்வொரு தெருவாரும் செய்துமுடித்த அளவில் ஏதேனும் ஒரு பகுதியைக் கோயில் வளாகத்தில் கொண்டுவந்து வைத்துக் காட்ட வேண்டும். செலவு 1,500 ரூபாயைத் தாண்டலாகாது. மிஞ்சிய பணம் வின்சென்ட் தே பவுல் சபை வழியாக ஏழையர்க்குப் போக வேண்டும். குடிலில் நம் ஊரின் அடையாளம் ஒன்று இருக்க வேண்டும். சிறுவர் செய்யும் குடில்களுக்குத் தனிப் பரிசு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் அன்பியமும் சீட்டுக் குலுக்கலில் வரும் வேறோர் அன்பியத்துக்கு இரண்டு மாலைகள் இருவரை உதவிக்கு அனுப்ப வேண்டும். உதவி பெற்றவர்களே அதற்கு 25 மதிப்பெண் இடுவார்கள். முதற் பரிசாகக் கோப்பை இல்லை. அடுத்த ஆண்டு ஆலயத்தின் பெரிய குடிலை அமைத்து, மறைக்கல்விச் சிறுவர்க்கு அக்கலையைக் கற்றுத்தரும் உரிமையே பரிசு.

எல்லாரும் மகிழ்ந்து ஏற்றார்கள் என்று சொன்னால் அது பொய்யாகும். “வேலையைப் பரிசு என்கிறாரே சுவாமி!” என்று நகைத்தவர் உண்டு. ஓர் அன்பியத்தார் அவ்வாண்டு கலந்துகொள்ளவே இல்லை. மதிப்பெண் பற்றிய முணுமுணுப்பும் அறவே ஒழியவில்லை. ஆயினும் எட்டுக் குடில்கள் எழுந்தன. ஒரு குடிலில் எங்கள் ஊர் ஏரிக்கரையும் பனைவரிசையும் இருந்தன. மற்றொன்றில் இடையர்கள் தலைப்பாகையோடு ஆடு மேய்த்தார்கள். முன்பு பேசாதிருந்த இரு வீட்டாரும் சீட்டுக் குலுக்கலின்படி ஒரே குடிலுக்குக் கீற்று முடைய நேர்ந்தது. தச்சரின் திண்ணையில் மீண்டும் பிள்ளைகள் நிறைந்தார்கள். கலந்துகொள்ளாத தெருவுக்கும் அவர் நட்சத்திரச் சிம்பு சீவிக் கொடுத்தார்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

தம்முள் யார் பெரியவர் என்று வழியில் வாதிட்டுக்கொண்டு வந்த சீடர்களை ஆண்டவர் வீட்டினுள் அமர்த்தி, ஒரு சிறு பிள்ளையை நடுவில் நிறுத்தியதை மாற்கு நற்செய்தியில் வாசிக்கின்றோம். பெரியவராக வேண்டும் என்னும் ஆவலை அவர் அணைத்துவிடவில்லை; பணி செய்யும் வழிக்கு அதனைத் திருப்பிவிட்டார். புனித சின்னப்பரும் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில், ஒருவரையொருவர் மதிப்பதில் முந்திக்கொள்ளுமாறு பணிக்கின்றார். கிறிஸ்தவனுக்குத் தக்க போட்டி இதுவே.

ஆகவே அன்புப் பெற்றோரே, கோலமாயினும், ஓவியமாயினும், பாட்டாயினும், குடிலாயினும் உங்கள் பிள்ளைகள் போட்டியிலிருந்து திரும்பி வரும்போது, “பரிசு கிடைத்ததா?” என்று மட்டும் கேளாதீர்கள். “யாருக்குச் சொல்லிக் கொடுத்தாய்? யாரிடம் கற்றுக்கொண்டாய்?” என்றும் கேளுங்கள். இந்த ஆண்டு உங்கள் வீட்டுக் குடிலுக்கு வேண்டிய ஒரு பொருளையாவது அண்டை வீட்டாரிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு பொருளையாவது அவர்களுக்குக் கொடுங்கள். ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல் ஊர் கூடிக் குடில் அமைப்போம். கிரெச்சியோவில் ஒருவர் வைக்கோலும் மற்றொருவர் விளக்குமாகக் கொண்டுவந்த அந்த இரவு நம் தெருக்களிலும் மலர, இயேசு பாலன் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக!