ராமானுஜன் போட்ட அப்ளிகேஷன்

கணித மேதை ராமானுஜன் வேலை கேட்டு எழுதிய கடிதத்தைப் படித்திருக்கிறீர்களா? இல்லையென்றால் உடனே வாருங்கள்! அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிடலாம்.

1912 பிப்ரவரி 9, திருவல்லிக்கேணி. மெட்ராஸ் போர்ட் டிரஸ்டின் கணக்குப் பிரிவில் ஒரு கிளார்க் வேலை காலியாம். நம்மவருக்கு வயது 24. கல்யாணம் ஆகிவிட்டது, டிகிரி இல்லை, அதற்கு முந்தைய எஃப்.ஏ. பரீட்சையில் தேறவும் இல்லை. இந்தக் குறையை எங்கே, எப்படிச் சொல்வார்? இங்கேதான் கவனிக்க வேண்டும்!

மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சூழ்நிலை சரியில்லாததால் மேலே தொடர முடியவில்லை என்கிறார். ஒரே வாக்கியம்! புலம்பல் கிடையாது. அடுத்த வரியிலேயே, நேரத்தையெல்லாம் கணிதத்துக்கே கொடுத்து வருவதைச் சொல்லிவிடுகிறார். வேலை கொடுத்தால் நிச்சயம் நன்றாகச் செய்வேன் என்று நிமிர்ந்து நின்று முடிக்கிறார். மொத்தக் கடிதமும் சில வாக்கியங்கள்தான்.

கூடவே பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் சிபாரிசு. அதில் என்ன இருந்தது தெரியுமா? பையன் கணக்குப் போடுவதில் படுவேகம் என்று! கணக்குப் பிரிவுக்கு வேறென்ன வேண்டும்? மார்ச் 1ஆம் தேதி வேலையில் சேர்ந்தாயிற்று, மாதம் 30 ரூபாய் சம்பளத்தில்.

கொஞ்சம் பொறுங்கள், இதைவிட அருமையான கடிதம் அடுத்து வருகிறது! 1913 ஜனவரி 16. அதே மனிதர் கேம்பிரிட்ஜில் இருக்கும் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதுகிறார். இப்போது முதல் வரியிலேயே, போர்ட் டிரஸ்ட் கிளார்க், வருஷத்துக்கு 20 பவுண்டுதான் சம்பளம் என்று போட்டு உடைக்கிறார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் உறைக்குள் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், நூற்றுக்கும் மேலே! போர்ட் டிரஸ்டுக்கு அனுப்பிய கடிதத்தில் ஒரு சூத்திரம்கூட இல்லை. ஹார்டிக்கோ சூத்திரமே சிபாரிசு. யார் படிக்கப்போகிறார், அவருக்கு எது தேவை என்று பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார் மனிதர்!

ஹார்டிக்கு முதலில் சந்தேகம்தான். கடிதம் கிடைத்த அன்று இரவே சக கணிதவியலாளர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து அந்தத் தாள்களை அலசினார். இது அசல் மேதையின் கை என்று இருவருக்கும் புரிந்துபோயிற்று. பிப்ரவரி 8ஆம் தேதி பதில் எழுதினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் ராமானுஜன் கப்பல் ஏறிவிட்டார்!

அடுத்த முறை விண்ணப்பக் கடிதம் எழுத உட்காரும்போது, பத்துக் கம்பெனிக்கும் ஒரே நகலை அனுப்பாதீர்கள். படிப்பில் இடைவெளி இருந்தால் ஒரே வரியில் நேராகச் சொல்லிவிட்டு, உங்களால் முடிந்த வேலைக்கு வந்துவிடுங்கள். அதற்குச் சாட்சியாக ஒன்றைக் கூடவே வையுங்கள். எழுதுங்கள், இன்றைக்கே எழுதுங்கள்!