இறுதிநாளும் அதற்கு முந்திய பத்தாண்டுகளும்

2022 ஒக்டோபர் 30 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. ஸ்பெயினின் வட கரையிலுள்ள சான்டாண்டர் நகரில் உலகக் கனிஷ்ட பட்மின்டன் சம்பியன்ஷிப்பின் இறுதிநாள். ஆண்கள் ஒற்றையர் இறுதியாட்டத்தில் சீன தாய்ப்பேயின் குவோ குவான் லின்னை எதிர்த்து நின்றவர் சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயது இளைஞரான சங்கர் முத்துசாமி சுப்பிரமணியன். இடக்கை ஆட்டக்காரர். முதலாவது செட் 14-21 என்று கைநழுவியது. இரண்டாவது செட்டில் இருபதுக்கு இருபது என்ற நிலை வரை வந்து, 20-22 என்று தோற்றார். வெள்ளிப் பதக்கத்துடன் நாடு திரும்பினார்.

தமிழ் பேசும் ஓர் இளைஞர் உலகக் கனிஷ்ட இறுதியாட்டம் வரை சென்றமை அந்நாளில் யாழ்ப்பாணத்தில் பெரிய செய்தியாகவில்லை. கிரிக்கெட்டுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பத்தில் ஒரு பங்கைக்கூட நாம் இவ்விளையாட்டுக்கு ஒதுக்குவதில்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். அந்தக் குற்றச்சாட்டில் எமக்கும் பங்குண்டு.

கனிஷ்ட சுற்றுப்போட்டி ஒன்றின் இறுதிநாள் என்றால் என்ன என்பதை முதலில் விளக்கிவிடுவது நல்லது. பத்தொன்பது வயதுக்குட்பட்டோருக்கான போட்டி என்றால், அந்த ஆண்டில் பத்தொன்பது வயதை அடைபவர்கள் அதில் ஆட முடியாது. முதல் நாட்களில் அரங்கில் பல ஆடுதளங்களில் ஒரே நேரத்தில் ஆட்டங்கள் நடக்கும். ஒரு தளத்தில் வெற்றி முழக்கம் கேட்கும்போது பக்கத்துத் தளத்தில் ஒரு பிள்ளை தோல்வியுடன் பையை எடுத்துக்கொண்டிருக்கும். நாளுக்கு நாள் ஆட்டக்காரர்கள் குறைவர், ஆடுதளங்களும் குறையும். இறுதிநாளில் எஞ்சுவது பெரும்பாலும் ஒரே தளம். அதில் ஆண்கள் ஒற்றையர், பெண்கள் ஒற்றையர், ஆண்கள் இரட்டையர், பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் என ஐந்து ஆட்டங்கள். அறுபத்து நான்கு பேர் கொண்ட வரிசையில் ஆறு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றவருக்கே பட்டம். மற்றைய அறுபத்து மூவரும் எங்கோ ஓர் ஆட்டத்தில் தோற்றவர்களே.

ஆட்டம் தொடங்குமுன் இறகுப்பந்தைச் சோதிப்பர். பின்கோட்டில் நின்று, மட்டையைக் கீழிருந்து மேலாக முழு வீச்சில் வீசி, எதிர்ப்புறப் பின்கோட்டை நோக்கி அடிப்பர். அக்கோட்டுக்கு 53 சென்ரிமீற்றர் முதல் 99 சென்ரிமீற்றர் வரை முன்னால் பந்து விழுந்தால்தான் அதன் வேகம் சரியெனக் கொள்ளப்படும். வெப்பமான ஊரில் காற்று இலேசாக இருப்பதால் பந்து விரைந்து பறக்கும். ஆகவே அங்கு வேகம் குறைந்த பந்தைத் தெரிவு செய்வர். பதினாறு இறகுகளைக் கொண்டு, ஐந்து கிராம் அளவே எடையுள்ள ஒரு பொருளுக்காக இத்தனை கவனம். காற்றின் சிறு அசைவும் ஆட்டத்தின் முடிவை மாற்றிவிடும் என்பதே காரணம்.

காற்று என்றதும் எமக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வருகிறது. சோளகம் வீசும் மாதங்களில் குடாநாட்டின் திறந்த வெளியில் இறகுப்பந்தை அடித்துப் பார்த்தவர்களுக்கு அது எங்கே போய் விழும் என்பது தெரியும். நாம் பாடசாலை மாணவராக இருந்த காலத்தில் சனசமூக நிலையத்து வளவில் சுண்ணாம்பால் கோடு போட்டு, இரண்டு பனங்கம்புகளுக்கிடையே வலை கட்டி ஆடினோம். காற்று அடங்கும் மாலைவரை காத்திருப்போம். காற்று அடங்கும் நேரத்தில் வெளிச்சமும் அடங்கிவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட அரைமணி நேரமே எமக்குக் கிடைத்தது. அதிலும் பெரியவர்கள் முதலில் ஆட, சிறுவர்கள் பந்து பொறுக்கினோம்.

இவ்விடத்தில் பெயர் பற்றிய ஒரு சிறு விளக்கம். எமது பத்திரிகைகளும் பாடசாலைகளும் பட்மின்டனைப் பூப்பந்தாட்டம் என்று எழுதிப் பழகிவிட்டன. தமிழ்நாட்டில் பூப்பந்து என்றால் அது வேறு விளையாட்டு. கம்பளி நூலாலான பந்தைக் கொண்டு, ஒரு பக்கத்துக்கு ஐவராக ஆடுவது. அங்கு பட்மின்டனை இறகுப்பந்து என்பர். பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒரே சொல் இரு ஆட்டங்களைக் குறிப்பதால் சென்னைச் செய்தியைப் படிக்கும் எம்மவர் குழம்புவதுண்டு. இக்கட்டுரையில் பட்மின்டன் என்றே எழுதுகிறோம்.

மீண்டும் சங்கர் முத்துசாமியிடம் வருவோம். இந்தியாவின் முன்னணி பட்மின்டன் வீரர்களிற் பெரும்பாலோர் ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் உள்ள பெரிய பயிற்சி நிலையங்களில் உருவானவர்கள். சங்கரோ சென்னை அண்ணாநகரிலுள்ள ஃபயர்பால் அக்கடமியில், அரவிந்தன் சாமியப்பன் என்னும் பயிற்றுவிப்பாளரிடம் வளர்ந்தவர். 2025 மார்ச் மாதத்தில் சுவிஸ் பகிரங்கப் போட்டியில் டென்மார்க்கின் அன்டர்ஸ் அன்டன்சனை அவர் வென்றபோது அன்டன்சன் உலகின் முதல்நிலை வீரர்களுள் ஒருவர். பெரிய நிறுவனத்துக்கு வெளியேயும் ஒரு வீரர் உருவாகலாம் என்பதற்கு அவர் உதாரணம். ஆனால் கூரையுள்ள அரங்கு, அன்றாடம் வரும் பயிற்றுவிப்பாளர், அடிக்கடி கிடைக்கும் புதிய எதிராளி ஆகிய மூன்றும் இல்லாமல் அவரும் உருவாகியிருக்க முடியாது.

எமது நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. காலியில் பிறந்த நிலூக கருணாரத்ன 2012, 2016 ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளிலும், 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் போட்டியிலும் இலங்கைக்காக ஆடினார். லண்டனில் ஜப்பானின் கெனிச்சி தாகோவைத் தோற்கடித்தது பலருக்கு நினைவிருக்கலாம். அவருடைய குடும்பமே பட்மின்டன் குடும்பம். பயிற்றுவிப்பாளரும் எதிராளியும் வீட்டுக்குள்ளேயே இருந்தனர். அத்தகைய வாய்ப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைப்பதில்லை. வீட்டில் இல்லாததை ஊர்தான் கொடுக்க வேண்டும்.

குடாநாடு அதைக் கொடுக்க முடியாமற் போனமைக்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. 1990 இல் மின்சாரம் நின்றது. ஆண்டுக்கணக்கில் மாலையில் விளக்கெரித்து ஆடும் விளையாட்டு எதுவும் இங்கே சாத்தியமாகவில்லை. பாதை மூடப்பட்டிருந்த காலங்களில் தென்னிலங்கைப் பிள்ளைகளுடன் ஆடிப் பார்க்கும் வாய்ப்பும் இல்லை. அதே 1990 ஒக்டோபர் மாத இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஒஸ்மானியாக் கல்லூரியின் மைதானம் அதன் பிள்ளைகளின்றி ஆண்டுக்கணக்கிற் கிடந்தது. புத்தளத்து முகாம்களில் வளர்ந்த அப்பிள்ளைகளின் விளையாட்டுப் பருவம் அங்கேயே கழிந்தது. பட்மின்டன் வீரரை உருவாக்க ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் வேண்டும். குடாநாட்டில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்தப் பத்து ஆண்டுகள் தொடர்ச்சியாக ஒருபோதும் கிடைக்கவில்லை.

ஆனால் போர் முடிந்து ஒன்றரைத் தசாப்தங்களுக்கு மேல் கடந்துவிட்டன. இன்றும் வரலாற்றை மட்டும் காரணம் காட்டுவது பொருந்தாது.

பாடசாலைகளிலுள்ள ஒன்றுகூடல் மண்டபங்களில் பட்மின்டன் கோடு வரையப்பட்டிருப்பதைக் காண்கிறோம். நல்ல முயற்சிதான். ஆயினும் அம்மண்டபங்கள் பரிசளிப்பு விழாவுக்கும் பரீட்சைக்குமாகக் கட்டப்பட்டவை. பெரிய சர்வதேசப் போட்டிகளுக்கு ஆடுதளத்தின் மேல் 12 மீற்றர் உயரம் தடையின்றி இருக்க வேண்டுமென உலக சம்மேளனம் எதிர்பார்க்கிறது. எமது மண்டபங்களில் அந்த உயரத்தில் பாதிக்கும் கீழே மின்விசிறி சுழலும். உயர அடித்து எதிராளியைப் பின்கோட்டுக்குத் துரத்துவதே ஒற்றையர் ஆட்டத்தின் அடிப்படை. விசிறியில் படாமல் அடிக்கப் பழகிய பிள்ளை உண்மையான அரங்கில் முதன்முறை இறங்கும்போது அந்த அடியே அதற்குத் தெரிந்திருக்காது. சுவர் வெள்ளையாக இருந்தால் வெள்ளை இறகு கண்ணுக்குத் தெரியாது. சீமெந்துத் தரை முழங்காலைப் பதம் பார்க்கும். இவை சிறிய விடயங்களாகத் தோன்றலாம். மாகாண மட்டத்தில் வென்ற பிள்ளை கொழும்பில் முதற் சுற்றிலேயே தோற்றுத் திரும்பும்போது, திறமை போதாது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பிள்ளை பழகியதே வேறொரு விளையாட்டு என்பதை நாம் எண்ணுவதில்லை.

2025 இன் பிற்பகுதியில் யாழ். பழைய பூங்காவில் உள்ளக விளையாட்டரங்கு அமைக்கும் திட்டம் எதிர்ப்புக்குள்ளாகி நீதிமன்றம் வரை சென்றது. பூங்காவின் மரங்களையும் மரபையும் காக்க வேண்டும் என்றவர்களின் கவலை நியாயமானது. வெயில் சுடும் இந்நகரில் நிழல் தரும் பழைய மரம் ஒன்று வீழ்ந்தால் அதை எந்த அரங்கும் ஈடுசெய்யாது. அதேவேளை அரங்கு வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இடம் பற்றிய வழக்கு அரங்கு பற்றிய வழக்காக மாறிவிடக் கூடாது. பூங்காவைக் காக்கக் குரல் கொடுத்தவர்களே மாற்றிடம் ஒன்றைச் சுட்டிக்காட்டி, அதற்கும் அதே உரத்துடன் குரல் கொடுப்பார்களாயின் அது பெரிய பணியாக இருக்கும்.

அரங்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அசாம் மாநிலத்தின் குவாஹாட்டி நகரம் சான்று. நெடுங்காலம் ஆயுத மோதல்களால் அல்லலுற்ற, தலைநகருக்கு வெகு தொலைவிலுள்ள மாநிலம் அது. அங்கு பட்மின்டனுக்கெனத் தேசியப் பயிற்சி மையம் ஒன்று கட்டப்பட்டது. 2025 ஒக்டோபரில் உலகக் கனிஷ்ட சம்பியன்ஷிப் அதே மையத்தில் நடைபெற்றது. அணிகளுக்கான போட்டியில் இலங்கைப் பிள்ளைகளும் ஆடி, இந்திய அணியிடம் தோற்றனர். ஒக்டோபர் 19 ஆம் திகதி இறுதிநாளில், பஞ்சாபிலிருந்து வந்து அம்மையத்திலேயே பயிற்சி பெற்ற பதினாறு வயது தன்வி சர்மா பெண்கள் ஒற்றையர் இறுதியாட்டத்தில் ஆடினார். பதினைந்து புள்ளிகள் கொண்ட செட்களாக நடந்த அப்போட்டியில் தாய்லாந்து வீராங்கனையிடம் 7-15, 12-15 என்று தோற்றார். 2008 இல் புனே நகரில் சாய்னா நேவால் பட்டம் வென்ற பின்னர் இந்தியப் பெண் ஒருவர் அவ்விறுதியாட்டத்தை எட்டியது அதுவே முதற்தடவை. அரங்கு முதலில் வந்தது. பிறகு பயிற்சி வந்தது. பிறகுதான் இறுதிநாள் வந்தது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தரம் எட்டு வரை ஆடும் பெண்பிள்ளை சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் மட்டையை வைத்துவிடுகிறாள். தமிழ் வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் இது ஒன்றுபோலவே நடக்கிறது. தனியார் கல்வி நிலையம், இருட்டில் தனியே திரும்பும் பயணம், உடை என்பன பெற்றோர் சொல்லும் காரணங்கள். முதலிரண்டும் உண்மையான தடைகள். பயிற்சி நேரத்தை மாற்றியும், பெண் பயிற்றுவிப்பாளரை அமர்த்தியும் ஓரளவு தீர்க்கக்கூடியவை. உடை ஒரு தடையே அன்று. 2011 இல் பெண்கள் பாவாடை அணிந்தே ஆட வேண்டும் என்று விதி கொண்டுவர முனைந்த உலக சம்மேளனம், எழுந்த எதிர்ப்பால் மறு ஆண்டே அதைக் கைவிட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈரானின் சுரையா அகாயி தலையை மூடிய உடையுடனேயே ஆடினார். மத்தியஸ்தர் எவரும் ஆட்சேபிக்கவில்லை.

செலவும் சிறிதல்ல. இறகுப்பந்து ஓர் ஆட்டத்துக்குள்ளேயே பலமுறை மாற்றப்படுவது. எல்லாம் இறக்குமதிப் பொருட்கள். 2022 இல் ஒரே ஆண்டில் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது பந்தின் விலையும் கூடவே ஏறியது. புலம்பெயர்ந்த பழைய மாணவர் சங்கங்கள் பாடசாலைக்கு வளைவும் நுழைவாயிலும் கட்டித் தருவதை நாம் நன்றியுடன் வரவேற்பவர்கள். எனினும் ஒரு நுழைவாயிலின் செலவில் பத்துப் பிள்ளைகளுக்கு எத்தனை ஆண்டுகள் பந்து வாங்கலாம் என்று அடுத்த கூட்டத்தில் யாராவது கணக்குப் பார்த்தால் நல்லது.

எதிராளி பற்றிய வழி இப்போது முன்னரைவிட எளிது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாயிற்று. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பற் சேவை ஆரம்பிக்கப்பட்டது. சங்கர் வளர்ந்த சென்னை, விமானத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கான இரவுப் பேருந்தைவிட மிகக் குறைந்த நேரப் பயணம். ஆண்டுக்கு இரண்டு முறை தமிழ்நாட்டு மாவட்ட அணியொன்றை இங்கு அழைத்து ஆடவைக்க சர்வதேச சம்மேளனத்தின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பாடசாலை அதிபரும் ஒரு சங்கச் செயலாளரும் கடிதம் எழுதினாற் போதும். சர்வதேசக் கனிஷ்ட சுற்றுப்போட்டிகளிலும் பல படிகள் உண்டு. எல்லாம் உலகச் சம்பியன்ஷிப் அல்ல. கீழ்ப்படியிலுள்ள ஒரு போட்டியை நடத்த ஒழுங்கான அரங்கும் பயிற்றப்பட்ட மத்தியஸ்தர்களும் இருந்தால், அதன் இறுதிநாளை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பார்வையாளர் வரிசையிலிருந்தாவது காணலாம்.

இவ்வாண்டு ஒன்பது வயதாகும் ஒரு பிள்ளைக்கு, வண்ணார்பண்ணையிலோ சோனகத் தெருவிலோ பருத்தித்துறையிலோ இருந்தாலும், உலகக் கனிஷ்ட போட்டியில் ஆடுவதற்கான வயதெல்லை முடிய இன்னும் ஒன்பது ஆண்டுகளே உள்ளன. அரங்கின் அத்திவாரம் எங்கே வெட்டுவது என்று நாம் பேசிக்கொண்டிருக்கும் ஒவ்வோர் ஆண்டும் அந்த ஒன்பதிலிருந்தே கழிகிறது.