கரிய மலையில் பட்ட கடன்

பிள்ளைவரம் வேண்டிக் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவதும், வேண்டுதல் பலித்தபின் வைகாசித் திருவிழாவில் பால்குடமோ தீச்சட்டியோ எடுத்து நேர்ந்த கடனைத் தீர்ப்பதும், சோழவந்தான் ஜெனகை மாரியம்மன் சந்நிதியை அறிந்தவர்களுக்குப் பழக்கமான காட்சிகள். வைகையின் வடகரையில் நெல்வயலும் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலுமாக விரிந்து கிடக்கும் இந்த ஊரில், தெய்வத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அதை மறந்தவருக்கு நிம்மதியான உறக்கம் வாய்க்காது என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். 1990ஆம் ஆண்டில் வெளிவந்து, அதிக ஆரவாரமின்றித் திரையரங்குகளை விட்டு நீங்கிய 'பந்த் தர்வாஸா' என்ற ஹிந்திப் படத்தை இந்த ஊரார் பார்க்க நேர்ந்தால், அதில் வரும் இரத்தக் காட்டேரியின் கோரைப்பற்களைவிட, அக்காட்டேரியிடம் ஒரு பெண் செய்துகொள்ளும் உடன்படிக்கையே அவர்களுடைய நெஞ்சை உலுக்கும் என்பது என் அபிப்பிராயம்.

கதை ஒரு ஜமீன்தார் மாளிகையில் தொடங்குகிறது. தாகூர் பிரதாப் சிங்குக்குச் சந்ததி இல்லை. வாரிசு இல்லையென்றால் கணவன் இன்னொருத்தியை மணந்துகொள்வானே என்ற பீதியில் தவிக்கும் மனைவியை, மஹுவா என்ற பணிப்பெண் 'காளி பஹாடி' எனப்படும் கரிய மலைக்கு அழைத்துச் செல்கிறாள். அங்கே குடியிருக்கும் நேவ்லா என்ற இரத்தபிசாசு அவளுக்கு வரம் தருகிறது. ஆண் குழந்தை பிறந்தால் அவளே வைத்துக்கொள்ளலாம். பெண் குழந்தை பிறந்தால் மலையில் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பிறப்பது பெண். பெற்றவள் குழந்தையைக் கொடுக்க மறுக்கிறாள். அந்த மறுப்புக்கு விலையாகத் தன் உயிரையே இழக்கிறாள். குழந்தை மலைக்குக் கொண்டுபோகப்பட, தாகூர் மலையேறிப் பிசாசை வீழ்த்தி மகளை மீட்டு வருகிறார். ஆயினும் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, காம்யா என்ற அந்தப் பெண், தன்னை விரும்பாத ஒருவனை வசப்படுத்தும் ஆசையில் அதே மலையின் வாசலைத் தானாகவே நாடிப் போகிறாள்.

இந்த நிபந்தனையைச் சற்றே நிதானித்துப் பார்க்க வேண்டும். பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய 'டிராகுலா' நாவலில், லண்டனுக்கு அருகில் ஒரு பழைய மனையைக் கிரயம் வாங்கி, வக்கீலின் உதவியோடு முறைப்படி பத்திரம் எழுதிக்கொண்டே அந்தப் பிரபு இங்கிலாந்துக்குள் நுழைகிறான். அங்கே அந்நியன் வீட்டுக்குள் வருகிறான். இங்கோ வீட்டிலிருந்து ஒருத்தி அவனைத் தேடிப் போகிறாள், அதுவும் துராசையினால் அல்ல, ஆண்வாரிசு என்ற ஒன்றே ஒரு மனைவியின் இருப்புக்கு நியாயம் என்று குடும்பம் விதித்துவிட்டபடியால். ஆணை விட்டுவிட்டுப் பெண்ணைக் கேட்கும் பிசாசு, வேண்டாத குழந்தை எதுவென்று அந்த மாளிகை ஏற்கெனவே தீர்மானித்திருந்ததோ, அதைத்தான் கேட்கிறது. காட்டேரி குடிக்கும் இரத்தத்தைப் பற்றி எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. அதற்கு முன்பே ஒரு பெண்ணின் உயிரை உறிஞ்சிவிடும் வழக்கத்தை இவ்வளவு அப்பட்டமாக முதற்காட்சிகளிலேயே எடுத்துவைத்த படம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரத்தக் காட்டேரி என்ற கற்பனை ஐரோப்பாவிலும் முதலில் கிராமத்தானுடையதாகவே இருந்தது. 1725இல் செர்பிய கிராமமொன்றில், இறந்துபோன விவசாயி ஒருவன் திரும்பி வந்து அண்டை அயலாரைக் கொல்கிறான் என்று எழுந்த புகாரை ஆஸ்திரிய அதிகாரிகள் பதிவு செய்தனர். அந்தச் செய்தி பத்திரிகைகளின் வழியாக ஐரோப்பா முழுவதும் பரவிற்று. பிரபுவும் கோட்டையும் கறுப்பு அங்கியும் பிற்பாடு எழுத்தாளர்கள் பூட்டிய அலங்காரங்கள். எழுபதுகளில் பிரிட்டனின் ஹாமர் நிறுவனம் கிறிஸ்டோபர் லீயின் டிராகுலாப் படங்களைத் தொடர்ந்து எடுத்து, அந்த அலங்காரங்களைத் தேய்த்துத் தீர்த்த காலத்தில்தான், 1973இல், யூகோஸ்லாவியத் தொலைக்காட்சிக்காக ஜோர்ஜெ காதியெவிச் என்ற இயக்குநர் 'லெப்டிரிட்சா' என்ற சின்னஞ்சிறு படத்தை எடுத்தார். மிலோவான் கிலிஷிச் 1880இல், அதாவது ஸ்டோக்கருக்கு முன்பாகவே, எழுதிய கதை அதன் மூலம். ஊர் மாவு ஆலையில் இரவு தங்கும் ஆலைக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக மாண்டுபோக, மாவின்றி ஊரே பசியில் தத்தளிக்கிறது. அங்கே பயமும் பசியும் பிரிக்க முடியாதவை. அந்தப் படமும் 'பந்த் தர்வாஸா'வும் ஒன்றையொன்று அறியாத உடன்பிறப்புகள் என்பேன். இரண்டும் குறைந்த செலவில் உருவானவை. இரண்டும் பிசாசைக் கோட்டையிலிருந்து இறக்கிக் குடியானவனின் கவலைகளுக்கு நடுவே நிறுத்தியவை.

படத்தை எடுத்த ராம்ஸே சகோதரர்களின் சரித்திரம் தனியே சொல்லத்தக்கது. தகப்பனார் எஃப். யூ. ராம்ஸிங்கானி கராச்சியில் வானொலிக் கடை நடத்தியவர். அவருடைய பெயர் வெள்ளைக்கார வாடிக்கையாளர்களின் நாவில் ராம்ஸே என்று சுருங்கிற்று. பிரிவினைக்குப் பின் மும்பைக்குக் குடிபெயர்ந்து படத்தயாரிப்பில் இறங்கிய அவருக்கு, 1970இல் 'ஏக் நன்ஹி முன்னி லட்கி தீ' நஷ்டத்தையே தந்தது. ஆயினும் அதில் பிருத்விராஜ் கபூர் கோரமான முகமூடியணிந்து திருட வரும் ஒரு காட்சிக்கு மட்டும் ஜனங்கள் மெய்சிலிர்த்ததை ராம்ஸிங்கானியின் பிள்ளைகள் துளஸியும் ஷ்யாமும் கவனித்துவிட்டார்கள். குமார், கேஷு, துளஸி, கிரண், ஷ்யாம், கங்கு, அர்ஜுன் என்று பிள்ளைகள் எழுவர். திரைக்கதை, ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் என்று தொழிலைத் தங்களுக்குள்ளேயே பங்கிட்டுக்கொண்டு, ஜோசப் மாஸ்செல்லியின் ஒளிப்பதிவு நூலைக் குருவாக வரித்துப் பயின்றவர்கள். 1972இல் 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே' என்ற படத்தை மகாபலேஷ்வரில் தங்கி, சுமார் மூன்றரை லட்ச ரூபாயில், நாற்பது நாள்களில் முடித்தார்கள். வீட்டுப் பெண்களே படக்குழுவுக்குச் சமைத்துப் போட்டார்கள். பெரிய நட்சத்திரங்களோ பிரம்மாண்டமான அரங்கங்களோ இல்லை. அந்தப் படத்தின் வெற்றி, ஹிந்தியில் பேய்ப்படத்துக்கென்று தனியே ஒரு சந்தை இருப்பதை நிரூபித்தது.

1984இன் 'புரானா மந்திர்' பெரும் வசூலைக் கண்டது. 1988இன் 'வீரானா'வை இன்றும் பலர் பேசுகிறார்கள். துளஸியும் ஷ்யாமும் இயக்க, கங்கு ஒளிப்பதிவு செய்த 'பந்த் தர்வாஸா'வுக்கு அத்தகைய பாக்கியம் கிட்டவில்லை. நேவ்லாவாக நடித்தவர் ரூர்க்கியில் பொறியியல் படித்த அனிருத் அகர்வால். அசாதாரணமான உயரமும் ஆழ்ந்த கண்களும் நீண்டு உறைந்த முகமும் கொண்ட அவரைத்தான் 'புரானா மந்திரி'ல் சாம்ரி என்ற அரக்கனாகவும் ராம்ஸேக்கள் நிறுத்தினார்கள். நேவ்லா அதிகம் பேசுவதில்லை. சிவப்பும் நீலமுமாக ஒளி பாய்ச்சிய புகைமூட்டத்தின் நடுவே அவர் வெறுமனே எழுந்து நிற்பதே போதுமானதாக இருக்கிறது. பொம்மை வௌவாலின் குறையையும் ஒட்டுப்போட்ட குகையின் குறையையும் அந்த உடல் ஒன்றே ஈடு செய்துவிடுகிறது. பிற்பாடு 1994இல் சேகர் கபூரின் 'பாண்டிட் க்வீனி'ல் பாபு குஜ்ஜராக அவர் வந்தபோது, அந்தத் தோற்றத்துக்குள் எத்தகைய நடிகர் இருந்தார் என்பது புலப்பட்டது. மஹுவாவாக அருணா இரானி, ஆசையூட்டும் மெல்லிய குரலில் பேசி, நேவ்லாவைவிட அதிகமாக நம்மை நடுங்க வைக்கிறார்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆனந்த்-மிலிந்தின் பாடல்கள் கதையின் பிடியைத் தளர்த்துகின்றன. நகைச்சுவைப் பகுதியை வெட்டியெறிந்தாலும் நஷ்டமில்லை. இவற்றைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. தாய் செய்த உடன்படிக்கையில் காம்யாவுக்குப் பங்கில்லை. அவள் அப்போது பிறக்கக்கூட இல்லை. அப்படியிருந்தும் படத்தின் பிற்பகுதி அவளுடைய தவிப்பைச் சற்றே ஓரங்கட்டிவிட்டு, சப்னா என்ற நல்ல பெண்ணைப் பிசாசிடமிருந்து காப்பாற்றுவதில் முனைந்துவிடுகிறது. தான் எந்த நிபந்தனையின்பேரில் பிறந்தோம் என்பதை அறிந்த ஒரு மகள் தன் தகப்பனை நேருக்குநேர் பார்த்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கேட்கப்படாமலே நின்றுவிட்டது.

ராம்ஸேக்கள் 1993இல் ஜீ தொலைக்காட்சியின் திகில் தொடருக்குச் சென்றார்கள். துளஸி 2018இலும் ஷ்யாம் 2019இலும் காலமானார்கள். தமிழிலோ, 1989இல் வேலு பிரபாகரன் 'நாளைய மனித'னை எடுத்தபோது, பிணத்தை எழுப்ப வரத்தையோ வேண்டுதலையோ அல்லாமல் விஞ்ஞானியின் மருந்தையே நாடினார். நேர்த்திக்கடனும் குலதெய்வமும் காட்டேரிக்கு இடும் படையலும் இன்னும் உயிரோடு விளங்கும் மதுரைச் சீமையிலிருந்து ஒருவர் இந்தக் கதையைத் தமிழில் மறுபடி எடுக்கத் துணிவாரானால், காம்யாவின் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.