மாட்டுக்கு ஒரு கணக்கு, பூனைக்கு ஒரு கணக்கு: கால்நடைகளின் இரத்தச் சர்க்கரை

இன்று கிராமங்களிலும் பல வீடுகளில் சர்க்கரை அளக்கும் சிறு கருவி இருக்கிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால் போதும், சில நொடிகளில் எண் தெரிந்துவிடும். வீட்டுப் பெரியவருக்காக வாங்கிய இந்தக் கருவியைக் கொட்டிலுக்கும் எடுத்துச் செல்லலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படிச் செய்யுமுன் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில உண்டு.

காரைக்காலை அடுத்த தலத்தெருவில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். தாத்தாவுக்குச் சர்க்கரை நோய். கொட்டிலில் கன்று ஈன்று மூன்று வாரமான கலப்பினப் பசு ஒன்று நிற்கிறது. இரண்டு நாட்களாகப் பால் குறைந்துவிட்டது. வீட்டில் நெல் மூட்டைகளை எலியிடமிருந்து காக்கும் வயதான கடுவன் பூனையும் உண்டு. அது சில நாட்களாகத் தண்ணீர்த் தொட்டியை விட்டு நகரவில்லை. பிள்ளை தாத்தாவின் கருவியை எடுத்து இரண்டுக்கும் சோதித்துப் பார்க்கிறான். மாட்டுக்கு 58, பூனைக்கு 240 என்று காட்டுகிறது. மாட்டுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று வீட்டார் ஒரு வாளி சோற்றுக் கஞ்சியும் வெல்லமும் வைக்கிறார்கள். பூனைக்கு ஏறிவிட்டது என்று தாத்தாவின் மாத்திரையில் பாதியை மீனில் மறைத்துக் கொடுக்கிறார்கள்.

இவ்விரண்டு வைத்தியமும் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். காரணம், மனிதனுக்கு உள்ள கணக்கை அவர்கள் மாட்டுக்கும் பூனைக்கும் போட்டுவிட்டார்கள்.

எந்தப் பிராணிக்கு எவ்வளவு?

இரத்தச் சர்க்கரையை, 100 மில்லி இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடுகிறோம். உடல்நலமுள்ள மனிதருக்கு வெறும் வயிற்றில் 70 முதல் 100 வரை இருக்கும். வளர்ந்த பசுவுக்கு 45 முதல் 75 வரை இருந்தாலே போதும். வெள்ளாட்டுக்கு 50 முதல் 75 வரை. நாய்க்கு ஏறக்குறைய மனிதரின் அளவுதான். பூனைக்கு 70 முதல் 150 வரை இருக்கலாம். கோழிக்கோ 200க்கு மேல் இருப்பதே இயல்பு. இந்த அளவுகள் ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் சற்று மாறும். ஆயினும் பொதுவான கணக்கு இதுதான்.

ஆகவே 58 என்ற எண் மனிதருக்குத் தாழ்வு, மாட்டுக்கு நலம். 220 என்ற எண் மனிதருக்கு நோய், கோழிக்கு நலம். எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. யாருடைய எண் என்று முதலில் பார்க்க வேண்டும்.

மாட்டுக்கு ஏன் குறைவு?

நாம் உண்ணும் சோறு குடலில் சர்க்கரையாகி நேரே இரத்தத்தில் சேருகிறது. மாட்டுக்கு அப்படியல்ல. அது தின்னும் வைக்கோலும் புல்லும் தவிடும் முதலில் அசையூண் இரைப்பைக்குச் செல்கின்றன. அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைத்து அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் புரோப்பியானிக் அமிலம் என்ற ஒன்றைக் கொண்டுதான் மாட்டின் ஈரல் பெரும்பாலான சர்க்கரையைத் தயாரித்துக்கொள்கிறது. அதனால் இரத்தத்தில் எப்போதும் அளவாகவே சர்க்கரை இருக்கும். பிறந்த கன்றுக்கு இந்த இரைப்பை வளர்ந்திருக்காது. பால் குடிக்கும் அந்த வாரங்களில் கன்றின் சர்க்கரை மனிதரின் அளவையொட்டி இருந்து, புல் மேயத் தொடங்கியபின் படிப்படியாக இறங்கும்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பால் சுரக்க மாட்டின் மடிக்குச் சுமார் 70 கிராம் சர்க்கரை தேவை. பத்து லிட்டர் கறக்கும் பசுவுக்கு நாளொன்றுக்கு 700 கிராம் வேண்டும். ஆனால் எந்த நேரத்திலும் அதன் இரத்தம் முழுவதிலும் இருப்பது 20 கிராமுக்கும் குறைவுதான். வருவதும் போவதுமாக ஓடும் வாய்க்கால் நீர் போன்றது இது. தலைமதகில் வரத்து குறைந்தால் கடைமடை காய்ந்துவிடும்.

கன்று ஈன்ற சில வாரங்களில் பால் ஏறிக்கொண்டே போகும். தீனி எடுப்பது அதே வேகத்தில் ஏறாது. அப்போது சர்க்கரை 40க்கும் கீழே இறங்கலாம். மாடு தன் உடல் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைந்தால் கீட்டோன் என்ற பொருள்கள் இரத்தத்தில் சேரும். இதுவே கீட்டோசிஸ் நோய். மாடு வைக்கோலைத் தின்னும், அடர்தீவனத்தை ஒதுக்கும். பால் சட்டென்று குறையும், உடல் இளைக்கும், சாணம் இறுகும். மூச்சிலும் பாலிலும் பழவாடை போன்ற ஒரு மணம் வீசும். இரண்டு, மூன்று லிட்டர் மட்டும் கறக்கும் உம்பளச்சேரி போன்ற நாட்டு மாடுகளுக்கு இது அபூர்வம். பால் அதிகம் கறக்கும் கலப்பினப் பசுக்களுக்கே பெரும்பாலும் வரும்.

கஞ்சி வைத்தியம் வேண்டாம்

சர்க்கரை குறைந்தால் வெல்லமும் சோறும் கொடுக்கலாமே என்று கேட்கலாம். வாய்வழி கொடுக்கும் வெல்லம் சர்க்கரையாக இரத்தத்தில் சேராது. இரைப்பை நுண்ணுயிர்களே அதைத் தின்றுவிடும். சோறு அதிகமானால் ஆபத்து இன்னும் பெரிது. அது வேகமாகப் புளித்து இரைப்பையில் அமிலம் மிகுந்து, வயிறு உப்பி, மாடு படுத்துவிடும். மாட்டுப் பொங்கலன்று அளவின்றிப் பொங்கல் ஊட்டிய மாடுகளும், கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்ற மாடுகளும் இறந்துபோவது இதனால்தான்.

கீட்டோசிஸ் என்று சந்தேகம் வந்தால் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். சிறுநீரில் பட்டை தோய்த்துப் பார்த்தே கீட்டோன் இருப்பதைக் கண்டுகொள்ளலாம். மருத்துவர் குளுக்கோஸ் மருந்தை நேரே இரத்தக் குழாயில் செலுத்துவார். அதன்பின் சில நாட்களுக்குப் புரோப்பிலின் கிளைக்கால் என்ற திரவத்தை வாய்வழி கொடுக்கச் சொல்வார். ஈரல் இதைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். வருமுன் காக்க வேண்டுமானால், சினை மாட்டை அளவுக்கு மீறிக் கொழுக்கவிடலாகாது. கன்று ஈனுவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்க வேண்டும். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், வேலிமசால் போன்ற பசுந்தீவனமும் தவறாமல் கிடைக்க வேண்டும்.

பூனையின் கணக்கு

மாட்டுக்கு வரும் தொல்லை சர்க்கரைக் குறைவு. பூனைக்கோ மனிதரைப் போலவே சர்க்கரை நோய் வருவதுண்டு. நடுவயது கடந்த, உடல் பருத்த, விதை நீக்கிய கடுவன்களுக்கு இது அதிகம். நிறையத் தண்ணீர் குடித்தல், நிறையச் சிறுநீர் கழித்தல், நன்றாகத் தின்றும் இளைத்தல் ஆகியவை அறிகுறிகள். நோய் முற்றினால் சில பூனைகள் பின்னங்கால்களைக் குதிகால் வரை தரையில் பதித்து நடக்கும்.

ஆனால் ஒரு முறை 240 காட்டினாலே நோய் என்று சொல்லிவிட முடியாது. பூனையைப் பிடித்துக் கூடையில் அடைத்து, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனாலே பயத்தில் அதன் சர்க்கரை 200, 300 என்று ஏறிவிடும். வீட்டிலேயே அமுக்கிப் பிடித்துக் குத்தினாலும் ஏறும். பயம் தெளிந்தால் அது தானே இறங்கும். அதனால் மருத்துவர் அறிகுறிகளை விசாரிப்பார், சிறுநீரையும் சோதிப்பார். பூனைக்கு இரத்தச் சர்க்கரை 250, 300 என்ற எல்லையைக் கடந்த பிறகே சிறுநீரில் சர்க்கரை இறங்கும். தேவையானால் பிரக்டோசமைன் என்ற இரத்தச் சோதனை செய்வார். அது கடந்த இரண்டு, மூன்று வாரச் சராசரியைக் காட்டும். ஒரு நாள் பயம் அதை மாற்றாது.

மனிதருக்கான கருவி பூனையின் இரத்தத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டுவது வழக்கம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆகவே அந்த எண்ணை மருத்துவரிடம் சொல்லும்போது எந்தக் கருவியில் பார்த்தது என்றும் சொல்ல வேண்டும்.

இன்சுலின் போடும் பூனைக்கு எது நல்ல அளவு?

நோய் உறுதியானால் பூனைக்கு இன்சுலினே முதன்மை மருந்து. பூனையின் இன்சுலினில் 51 கண்ணிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் மட்டுமே அது மாட்டின் இன்சுலினிலிருந்து வேறுபடுகிறது. மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினே பல்லாண்டுகள் மனிதருக்கும் பயன்பட்டது.

இன்சுலின் போடும் பூனைக்கும் 70 முதல் 150 வரைதான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக்கூடாது. நாள் முழுதும் 80க்குக் கீழே போகாமலும் 300க்கு மேலே ஏறாமலும் இருந்து, பூனை இளைக்காமல், தண்ணீர் அளவாகக் குடித்து வந்தால் அதுவே நல்ல நிலை. ஏறிய சர்க்கரை நாள்பட்டுக் கெடுக்கும். இறங்கிய சர்க்கரையோ ஒரு மணி நேரத்தில் கொன்றுவிடும். நான்கு கிலோ பூனையின் இரத்தம் முழுவதிலும் உள்ள சர்க்கரை கால் கிராம் அளவுதான். அதனால்தான் தொடக்கத்தில் ஒரு வேளைக்கு 1 யூனிட், மிஞ்சினால் 2 யூனிட் என்று மருத்துவர் நிர்ணயிக்கிறார். மனிதரின் அளவும் மாத்திரையும் இங்கே உதவா.

ஊசிக்குழாயிலும் கவனம் வேண்டும். இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட் உள்ளதாகவும் 100 யூனிட் உள்ளதாகவும் இரண்டு விதமாக விற்கப்படுகிறது. அதற்கு ஏற்ற குழாயும் வேறு வேறு. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் குழாயில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். தீனி தின்னாத நாளில் மருத்துவரைக் கேளாமல் ஊசி போடலாகாது. பூனை தள்ளாடினாலும், நடுங்கினாலும், வலிப்பு வந்தாலும் ஈறில் தேன் அல்லது சர்க்கரைப் பாகு தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

பூனை இயற்கையில் இறைச்சி தின்னும் பிராணி. நோயுள்ள பூனைக்குப் பால்சோற்றைக் குறைத்து, முள் நீக்கிய வேகவைத்த மீன், கோழி, முட்டை ஆகியவற்றைக் கூட்டுவது நல்லது. உணவை மாற்றும்போது இன்சுலின் தேவையும் குறையுமாதலால், மருத்துவரிடம் சொல்லிவிட்டே மாற்ற வேண்டும். நோயைத் தொடக்கத்திலேயே கண்டு முறையாகக் கவனித்தால், சில பூனைகளுக்குச் சில மாதங்களில் இன்சுலின் தேவையே இல்லாமற் போவதும் உண்டு. ஆயினும் தினம் இரு வேளை ஊசி என்பது செலவும் சிரமமும் உள்ள காரியம். அது நம்மால் இயலுமா என்பதை முதல் நாளே மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும்.

அந்த வீட்டில் செய்ய வேண்டியது

இப்போது தலத்தெரு வீட்டுக்குத் திரும்புவோம். மாட்டின் 58 இயல்பான அளவு. பால் குறைந்ததற்கு மடிவீக்கம், காய்ச்சல், தீவனக் குறை என்று வேறு காரணம் தேட வேண்டும். சிறுநீரில் கீட்டோனும் பார்த்துவிடலாம். கஞ்சி வாளியைக் கொட்டிலை விட்டு எடுத்துவிட வேண்டும். பூனையின் 240 பயத்தினாலும் ஏறியிருக்கலாம். ஆனால் பல நாட்களாகத் தண்ணீர்த் தொட்டியை விட்டு நகராதிருப்பது பயத்தினால் வருவதல்ல. அதைத் தாமதமின்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மாத்திரை கொடுத்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கருவி காட்டுவது ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணோடு பிராணியின் இனம், வயது, தீனி, நடை, சாணம், சிறுநீர் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்து, மருத்துவரின் யோசனைப்படி நடந்தால் கொட்டிலுக்கும் வீட்டுக்கும் நலம்.