எட்ட இருந்து இயக்கும் கணினி

கடிதம் ஒன்றுக்கு மூன்று இலக்கணம் உண்டு. அஃது உரியவர் கையை அடைய வேண்டும். இடையில் பிறர் படித்தல் ஆகாது. எழுதிய எழுத்துச் சிதையாமல் சேர வேண்டும். தோட்டப்புறங்களில் எழுத்தறியாத பெற்றோர்க்கு ஊர்க் கடிதம் எழுதிக் கொடுத்த அந்நாளைய ஆசிரியர்கள் இம்மூன்றன் அருமையை நன்கு அறிந்திருந்தனர். ஓரிடத்தில் அமர்ந்துகொண்டு வேறிடத்துக் கணினியை இயக்கும் முறைக்கும் இம்மூன்றே அளவுகோல் என்பதை இங்கு விளக்க முற்படுகிறேன்.

முதற்கண் அம்முறை யாதெனக் காண்போம். திரிங்காப்பில் என் மேசைமேலுள்ள கணினியில் ஒரு விசையை அழுத்துகிறேன் என்க. அவ்வெழுத்து எண்ணாக மாறிக் கோலாலம்பூரிலுள்ள ஒரு கணினிக்குச் செல்கிறது. அக்கணினி அதனை ஏற்றுத் திருப்பி அனுப்புகிறது. பின்னரே என் திரையில் எழுத்துத் தோன்றுகிறது. வேலை முழுவதும் அங்கே. விசையும் திரையும் மட்டுமே இங்கே. இவ்வாறு விசையும் திரையுமாக நிற்பதை 'முனையம்' என்பர்.

இக்கலை அரை நூற்றாண்டைக் கடந்தது. 1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் சார்லி கிளைன், ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக் கணினியினுள் புக முயன்றார். 'லாகின்' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலிரண்டு எழுத்துகள் சென்றன. அதற்குள் அப்புறத்துக் கணினி நின்றுவிட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் குறை நீங்கி முயற்சி வென்றது. அவ்வாண்டில் உருப்பெறத் தொடங்கிய 'டெல்நெட்' என்னும் முறைக்கு 1983ல் நிலையான விதிகள் வகுக்கப்பெற்றன. நம் நாட்டில் 1990களில் மிமோஸ் நிறுவனத்தின் ஜாரிங் சேவை வந்தபோதும், தொலைபேசி வழியே எட்டவுள்ள கணினியினுள் புகுந்து அங்கேயே மடல் படித்தவர் உண்டு.

டெல்நெட் அஞ்சலட்டை போன்றது. நாம் இடும் கடவுச்சொல் திரையில் தெரியாது. ஆயினும் கம்பி வழியே மறைப்பின்றிச் செல்லும். இடையில் நிற்பவன் அதனை எளிதிற் படித்துக்கொள்வான். ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இவ்வாறு கடவுச்சொற்கள் களவுபோகவே, அங்கிருந்த டாட்டு இலோனன் 1995ல் 'எஸ்.எஸ்.எச்.' என்னும் முறையை ஆக்கினார். இஃது உறையிட்டு அரக்கு முத்திரை வைத்த கடிதம் எனலாம். இரு கணினிகளும் முதலில் கணித வழியால் ஒரு பொது இரகசிய எண்ணை அடைகின்றன. அவ்வெண்ணை ஒன்று மற்றொன்றுக்கு அனுப்புவதில்லை. ஆதலின் ஒட்டுக்கேட்பவனுக்கு அது கிட்டாது. அதன்பின் செல்லும் ஒவ்வோர் எழுத்தும் அவ்வெண்ணாற் பூட்டப்பெறுகிறது. இவ்வாறு இரண்டாம் இலக்கணம் நிறைவெய்திற்று.

முதல் இலக்கணத்துக்கு வருவோம். நாம் புகும் கணினி உரிய கணினிதானா? புதிதாக ஒரு கணினியோடு இணையும்போது, எஸ்.எஸ்.எச். அக்கணினியின் 'கைநாட்டை' எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசையாகக் காட்டி, "இதனை நம்பலாமா?" என வினவும். அக்காலச் சம்பள நாளில் பேரேட்டில் வைத்த கைநாட்டைப் போல இதுவும் ஒருவர்க்கே உரியது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் அதனைப் படியாமலே 'ஆம்' என்று விடையளிக்கிறோம். யானும் முதன்முறை அவ்வாறே செய்தேன். அஞ்சற்காரர் உடையில் வந்தவர் எவராயினும் கடிதத்தைக் கொடுத்துவிடுவது போன்றது இது. அக்கணினியைப் பேணுவோரைத் தொலைபேசியில் அழைத்து, அவ்வரிசையை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பூட்டு எத்துணை வலிதாயினும், தவறான ஆளிடம் பூட்டிக் கொடுத்தாற் பயன் என்னை?

மூன்றாவது, எழுத்துச் சிதையாமை. இது தமிழாசிரியர்க்கு நேரே உரிய பகுதி. டெல்நெட்டின் அடிப்படை விதி 128 குறிகளையே அறியும். அவை ஆங்கிலத்தை ஒட்டியவை. நம் எழுத்துகளோ 247. இன்று யூனிக்கோடு முறையில் தமிழுக்குத் தனி இடம் உண்டு. 'தமிழ்' என்னும் சொல்லை நாம் மூன்றெழுத்து என்போம். கணினிக்கோ அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், யூ.டி.எப்.-8 என்னும் வழக்கில் குறி ஒன்றுக்கு மூன்றாகப் பதினைந்து பைட்டுகள். எஸ்.எஸ்.எச். அப்பதினைந்தையும் பழுதின்றிக் கொண்டு சேர்க்கும். குறை திரையில்தான் எழுகிறது. முனையம் தன் திரையைச் சமக் கட்டங்களாகப் பகுத்துக் குறிகளை அவற்றில் நிரப்புவது. 'கொ' என்பதில் ஒரே உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கும் என்பதைப் பல முனையச் செயலிகள் இன்றும் அறியா. ஆதலின் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும், தட்டெழுதும் இடம் விலகியும் தோன்றுகின்றன.

இவற்றுள் பிறர் படியாமையை அறிஞர்கள் நமக்கு ஈட்டித் தந்துவிட்டனர். உரியவரை அடைவது நம் விழிப்பைப் பொறுத்தது. எழுத்துச் சிதையாமையோ, எது ஓரெழுத்து, எது அதன் உறுப்பு என்பதை மென்பொருள் ஆக்குவோர்க்குத் தெளிவுற எடுத்துரைப்போரை வேண்டி நிற்கிறது. அதனை அறிந்தவர்கள் தமிழாசிரியர்களே. மாணவர்க்கு உயிர்மெய் கற்பிக்கும் நாம், அப்பாடத்தை அவர்களுக்கும் கற்பிக்க முன்வருவோமாக.