கணினி ஃபேனின் இரைச்சலை அடக்க

மேசைக் கணினி போடும் இரைச்சலில் பெரும்பங்கு அதன் ஃபேன்களுடையது. புது ஃபேன் வாங்கும் முன் மதர்போர்டின் பயாஸ் அமைப்பைத் திறந்து பார்ப்பது நல்லது. பல கணினிகளில் செலவே இல்லாமல் அங்கேயே தீர்வு கிடைத்துவிடும்.

வேகத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள உறவு இங்கே நமக்குச் சாதகமானது. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் இரைச்சல் சுமார் 15 டெசிபெல் இறங்கிவிடும். காதுக்கு அது பாதிக்கும் கீழே போனதுபோல் இருக்கும்.

மூன்று பின் ஃபேனின் வேகம் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. 12 வோல்ட் என்றால் முழு வேகம், குறைத்தால் வேகமும் குறையும். நான்கு பின் ஃபேனுக்கு எப்போதும் 12 வோல்ட் போய்க்கொண்டிருக்கும். நான்காவது கம்பியில் நொடிக்குச் சுமார் 25,000 முறை வரும் துடிப்புதான் அதன் வேகத்தைத் தீர்மானிக்கிறது. இது பி.டபிள்யூ.எம். முறை. மூன்று பின் ஃபேனைச் செருகிவிட்டு பயாஸில் பி.டபிள்யூ.எம். என்றே விட்டுவைத்தால், எதை மாற்றினாலும் அது முழு வேகத்தில்தான் சுற்றும். டி.சி. என்று மாற்றியதும் கட்டுப்பாட்டுக்குள் வரும்.

கணினி தொடங்கும்போது டெலிட் அல்லது எஃப்2 விசையை அழுத்தினால் பயாஸ் திறக்கும். ஃபேன் பகுதிக்கு ஆசுஸ் கியூ-ஃபேன் என்றும், ஜிகாபைட் ஸ்மார்ட் ஃபேன் என்றும் பெயர் வைத்திருக்கின்றன. உள்ளே ஒரு வரைபடம் இருக்கும்: கீழே வெப்பநிலை, பக்கத்தில் வேகத்தின் சதவீதம். அதிலுள்ள புள்ளிகளை நகர்த்தி எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்று சொல்லிவிடலாம்.

உண்மையில் காதை அதிகம் உறுத்துவது வேகமல்ல, அது ஏறி ஏறி இறங்குவதுதான். பிரவுசரைத் திறந்த நொடியில் சிபியுவின் வெப்பநிலை பத்து டிகிரி துள்ளிவிட்டு உடனே இறங்கும். அதற்குள் மேலிருக்கும் ஹீட்சிங்கின் உலோகம் சூடாகக்கூட ஆரம்பித்திருக்காது. ஆகவே ஃபேன் அந்தத் துள்ளலைத் துரத்துவதில் பயனே இல்லை. 60 டிகிரி வரை கோட்டைச் சமமாக, 30 முதல் 40 சதவீதத்தில் வைத்து, அதன்பின் சீராக ஏற்றி, 85 டிகிரியில் முழு வேகம் தொடும்படி அமைப்பது நல்ல தொடக்கம். பல போர்டுகளில் வேகம் மாறுவதைச் சில நொடிகள் தாமதப்படுத்தும் வசதியும் உண்டு. பலர் கவனிக்காமல் விட்டுவிடும் இந்த ஓர் அமைப்பே பாதி எரிச்சலைத் தீர்த்துவிடும்.

கேபினெட் ஃபேன்களை சிபியுவுக்குப் பதிலாக மதர்போர்டின் வெப்பநிலையைப் பின்பற்றச் சொன்னால் அவை நிதானமாக ஓடும். கிராபிக்ஸ் கார்டின் சொந்த ஃபேன்கள் மட்டும் பயாஸுக்குக் கட்டுப்படாது.

வேகத்தை மிகவும் குறைத்தால் சில ஃபேன்கள் நின்றே போகும். திரவக் குளிர்விப்பின் பம்ப்பை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அது தயாரிப்பாளர் சொன்ன வேகத்திலேயே ஓடட்டும். மாற்றங்களைச் சேமித்த பிறகு, கணினிக்கு அரை மணி நேரம் கடும் வேலை கொடுத்து வெப்பநிலையைக் கவனிக்க வேண்டும். இப்போதைய சிபியுக்கள் பலவும் 95 அல்லது 100 டிகிரியைத் தொட்டதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அறையின் சூடு கூடினால் பெட்டிக்குள்ளும் ஏறத்தாழ அதே அளவு கூடும். எனவே மார்கழியில் அமைத்த கோட்டைச் சித்திரை வெயிலில் இன்னொரு முறை சோதித்துவிட வேண்டும்.