சேட்டையா, சோம்பலா, சத்துக் குறைவா?

எந்த வகுப்பிலும் ஒரே இடத்தில் உட்கார முடியாத மாணவன் ஒருவன் இருப்பான். கணக்கைப் பாதியில் விடுவான், பேனாவைத் தொலைப்பான். அவனுக்குச் ‘சேட்டைக்காரன்’ என்று பெயர். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவியும் இருப்பாள். அவளுக்குச் ‘சோம்பேறி’ என்று பெயர். மாணவ நண்பர்களே, இந்தப் பெயர்கள் சரிதானா?

இத்தகைய குழந்தைகளைப் பற்றி 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் சொற்பொழிவு ஆற்றினார். இன்று இந்நிலையைக் ‘கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு’ என்கிறோம். சுருக்கமாக ஏ.டி.எச்.டி. இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. வேண்டுமென்றே செய்யும் குறும்பு அன்று. பெற்றோர் வளர்ப்பின் குற்றமும் அன்று.

உணவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதமே. ஆனால் ஓய்வாக இருக்கும்போதுகூட உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. ஆற்றல் மட்டும் போதாது. இரும்புச் சத்தும் வேண்டும். கவனத்திற்கு உதவும் டோபமின் என்ற பொருள் மூளையில் உண்டாக ஒரு நொதி தேவை. அந்த நொதி வேலை செய்ய இரும்பு தேவை.

உடலில் இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம் ஃபெர்ரிட்டின். 2004-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், இக்கோளாறு உள்ள 53 குழந்தைகளில் 84 சதவீதம் பேருக்கு அது குறைவாக இருந்தது. கோளாறு இல்லாத 27 பேரில் 18 சதவீதம் பேருக்கே அப்படி. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை. ஆகவே இரும்புக் குறைவுதான் காரணம் என்றோ, உணவே மருந்து என்றோ சொல்லிவிட முடியாது. ஆனால் இரத்தசோகை உள்ளவருக்கும் சோர்வும் கவனச் சிதறலும் உண்டு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்!

இனி நம் தட்டைப் பார்ப்போம். கோவில்பட்டிக் கரிசல் மண்ணில் கம்பும் உளுந்தும் விளைகின்றன. 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உண்டு. தீட்டிய அரிசியில் 1 மில்லிகிராம்கூட இல்லை. ஆனால் தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவைப் புளிக்க வைத்தால் அதன் பிடி தளரும். புளித்த கம்பங்கூழின் சிறப்பு இதுதான். கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ தின்றால், அவற்றின் வைட்டமின் சி இரும்பை உடலில் சேரச் செய்யும். சாப்பிட்டவுடன் குடிக்கும் டீயோ அதைத் தடுக்கும்.

கடலைமிட்டாய் தின்றால் சேட்டை கூடுமா? கூடாது. இனிப்பால் குழந்தைகளின் நடத்தை மாறுவதில்லை என்று 1990-களில் நடந்த ஆய்வுகள் காட்டின.

பசித்த வயிறு பாடத்தில் நிற்காது என்பதை இந்த மண் முன்பே அறிந்திருந்தது. காமராசர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது, கோவில்பட்டிக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில்தான். 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 1984-இல் 15 வயது வரையுள்ள மாணவர்களுக்கும் கிடைத்தது. இன்று பள்ளிகளில் வாரம் ஒரு நாள் இரும்புச் சத்து மாத்திரையும் தருகிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 31 சதவீதம் பேருக்கும் இரத்தசோகை இருந்தது. ஆகவே அந்த மாத்திரையை ஜன்னல் வழியே வீசாதீர்கள்! அதே சமயம், மருத்துவரைக் கேட்காமல் கூடுதலாகவும் விழுங்காதீர்கள். அளவு மீறினால் இரும்பு நஞ்சாகும்.

ஒரு வாரம் நீங்கள் உண்பதையும் டீ குடிக்கும் நேரத்தையும் குறித்து வையுங்கள். எங்கே மாற்றலாம் என்று உங்களுக்கே புரியும். கவனம் சிதறும் தோழனையோ தோழியையோ கேலி செய்யாமல் ஆசிரியரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தேவை திட்டு அன்று. ஓர் இரத்தப் பரிசோதனையும், மருத்துவரின் ஆலோசனையும், உங்கள் நட்பும்தான்.